கானுக்குச் செக்கோவை எப்படித் தெரியும்?

வாசகர் கேள்வி – பதில்

அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு பகுதியில் சொன்னது இன்னொரு பகுதியில் மாறிப்போகும் இடங்களைப் பற்றி எழுதியனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிழையைச் சுட்டிக்காட்டியதோடு நிற்கவில்லை. அதற்கு ஒரு சமாதானத்தையும் சொல்லி, அது செல்லுமா என்று கேட்டிருந்தன. அத்தகைய கேள்விகளையே இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் முடிந்தவரை இரண்டு பதில்கள் தருகிறேன்: படப்பிடிப்புத் தளத்தில் என்ன நடந்தது என்பது ஒன்று, கதைக்குள் அதை எப்படிப் புரிந்துகொள்ளலாம் என்பது மற்றொன்று.

கேள்வி: 1982இல் வெளிவந்த ‘ஸ்டார் டிரெக்’ திரைப்படத்தில் வில்லன் கான், விண்கப்பல் அதிகாரி செக்கோவைப் பார்த்ததும் ‘உன் முகத்தை மறக்கவில்லை’ என்ற பொருளில் பேசுகிறான். ஆனால் கான் வந்த பழைய தொலைக்காட்சிப் பகுதியில் செக்கோவ் இல்லவே இல்லை. பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள், நான் என்ன சொல்வது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: தளத்துப் பதிலை முதலில் சொல்லிவிடுங்கள், ஐயா. கான் தோன்றிய பகுதி 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் இரண்டாம் சீசனில்தான் நடிகர் குழுவில் சேர்ந்தார். பார்வையாளர்கள் அவர் முகத்தை முதலில் கண்டது அதே ஆண்டு செப்டம்பரில். பதினைந்து ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட திரைக்கதை அந்த ஏழு மாத இடைவெளியைத் தாண்டிப் போய்விட்டது. இது பிழைதான். பிள்ளைகள் கண்டுபிடித்தது சரி என்பதை அவர்கள் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

அதன் பிறகு கதைக்குள் வாருங்கள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் கப்பல் தலைவர் தம் நாட்குறிப்பில் ‘ஸ்டார்டேட்’ என்று ஓர் எண்ணைச் சொல்வார். கான் வந்த பகுதியின் எண் 3141.9. இரண்டாம் சீசனில் வந்த ‘கேட்ஸ்பா’ என்ற பகுதியில் செக்கோவ் மேல்தளத்தில் பணியாற்றுகிறார். அதன் எண் 3018.2. கதையின் நாட்காட்டிப்படி பார்த்தால், கான் தன் நெடுந்துயிலிலிருந்து கண்விழிப்பதற்கு முன்பே செக்கோவ் அந்தக் கப்பலில் இருந்திருக்கிறார். நானூறுக்கும் மேற்பட்டோர் பணியாற்றும் கப்பலில் அவர் அன்று கீழ்த்தளத்தில் வேலையாக இருந்தார், நம் பார்வைக்கு வரவில்லை என்று கொள்வதில் தவறில்லை.

ஆயினும் எண்ணைக் காட்டிலும் வலுவான சான்று படத்துக்குள்ளேயே இருக்கிறது. மணற்புயல் வீசும் கோளில், கைவிடப்பட்டது போல் கிடக்கும் இருப்பிடத்துக்குள் செக்கோவும் அவருடைய தலைவரும் நுழைகிறார்கள். அங்கே ஓர் இடைவார்க் கொக்கியில் ‘பாட்டனி பே’ என்ற பெயர் கண்ணில் படுகிறது. அது கான் வந்த பழைய கப்பலின் பெயர். கான் இன்னும் உள்ளே வரவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் செக்கோவின் முகம் வெளிறிப்போகிறது; உடனே வெளியேறியாக வேண்டும் என்று தலைவரை அவசரப்படுத்துகிறார். பெயரை மட்டும் கேள்விப்பட்டவனுக்கு வரும் பயம் அன்று அது. பழைய பகுதியில் கான் கப்பலைக் கைப்பற்றிய அந்த நாளில் உள்ளே அகப்பட்டிருந்தவனுக்குத்தான் அப்படி ஒரு பயம் வரும். ஆகவே செக்கோவ் அன்று கப்பலில் இருந்தார் என்ற விளக்கம், கான் சொன்ன ஒரு வரியைக் காப்பாற்றுவதோடு நில்லாமல், செக்கோவின் அச்சத்துக்கும் காரணம் காட்டுகிறது. அதனால்தான் இதை நான் மனமார ஏற்கிறேன்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் பழுது வந்தால் அதைப் பழுது என்றே பதிவேட்டில் எழுதுகிறோம். தொடர் எடுத்தவர்கள் கோட்டை விட்டதற்கு ரசிகர்கள் சப்பைக்கட்டுக் கட்டுவது எந்த வகையில் நியாயம்? (பொறியாளர், பட்டர்வொர்த்)

பதில்: பதிவேட்டில் பழுது என்று எழுதிய பிறகு செய்யப்படும் விளக்கத்தைப் பற்றியே நான் பேசுகிறேன். எழுதாமலே மூடி மறைப்பதை நானும் ஏற்கவில்லை. ஆனால் பிழையை ஒப்புக்கொண்ட பின், அதிலிருந்து கதைக்கு ஏதேனும் கிடைக்கிறதா என்று தேடுவது சப்பைக்கட்டு ஆகாது. ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2004இல் தொடராகத் தொடங்கிய ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வில், மனித உருவம் கொண்ட சைலன் இயந்திரங்கள் மொத்தம் 12 வகை என்பது ஆரம்பத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. முதலாம் எண் கேவில், ஆறாம் எண் பொன்னிறக் கூந்தல் பெண், எட்டாம் எண் ஷாரன். பிற்பாடு கதை வேறு திசையில் வளர்ந்தபோது, இந்த வகைகளில் ஏழுதான் வெளிப்படையானவை என்றும், மீதமுள்ள ஐந்தும் மறைந்து வாழும் மூத்தவர்கள், அவர்களுக்கு எண்ணே கிடையாது என்றும் அமைந்தது. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, கணக்குச் சரி. ஆனால் அந்த ஏழு பேரின் எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: ஒன்று முதல் ஆறு வரை, பிறகு எட்டு. ஏழாம் எண்ணைக் காணோம். எட்டாவது ஆள் இருக்கிறாள் என்றால் ஏழாவது ஆள் எங்கே? ரசிகர்கள் விடாமல் கேட்ட கேள்வி இது.

2009 பிப்ரவரியில் ஒளிபரப்பான பகுதியில் அதற்குப் பதில் வந்தது. ஏழாவதாக டேனியல் என்ற ஒருவன் இருந்தான், கலையுள்ளம் படைத்தவன், படைத்தவளின் தனி அன்பைப் பெற்றவன். அந்த அன்பைப் பொறுக்காத மூத்தவன் கேவில், டேனியலின் பிரதிகள் வளர்ந்துகொண்டிருந்த திரவத்தில் நஞ்சைக் கலந்து, அவனுடைய மரபணுக் குறிப்பையும் சிதைத்து, அந்த வகையையே இல்லாமல் ஆக்கிவிட்டான். பிழையாக விழுந்த ஒரு வெற்றிடம் ஒரு கொலையாக மாறிவிட்டது. அதுவரை மனிதகுலத்தின்மீது வெறுப்பைக் கொட்டிக்கொண்டிருந்த கேவில், அந்த ஒரே காட்சியில் தம்பியைக் கொன்ற அண்ணனாகவும் தாயின் அன்புக்கு ஏங்கிய மகனாகவும் நமக்குத் தெரிகிறான். அவனுடைய முந்தைய பேச்சுகளை மறுபடியும் பார்த்தால் அவை முன்னைவிட ஆழமாக ஒலிக்கின்றன.

ஒரு விளக்கம் நல்லதா என்று அறிய நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: பிழையை நீக்கிய பிறகும் கதைக்குள் அதற்கு வேலை இருக்க வேண்டும். பிழையை மறைப்பதோடு அதன் வேலை முடிந்துபோனால், அதை நீங்கள் சப்பைக்கட்டு என்று சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன்.

கேள்வி: பழைய ‘ஸ்டார் டிரெக்’கில் வேற்றுக்கோளைச் சேர்ந்த கிளிங்கன்களுக்கு நம்மைப் போல் வழுவழுப்பான நெற்றி. பிறகு வந்தவற்றில் நெற்றியில் எலும்பு முகடு. கிளிங்கன்களில் இரண்டு இனங்கள் இருக்கின்றன என்கிறேன் நான். என் அண்ணன் ஒத்துக்கொள்ள மறுக்கிறார். யார் சொல்வது சரி? (செந்தூல்)

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில்தான் நியாயம் இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்ன விளக்கத்தைப் பல ரசிகர்கள் நெடுநாள் நம்பியிருந்தார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

1967இல் கிளிங்கன்கள் முதன்முதலில் தோன்றியபோது, அன்றைய தொலைக்காட்சியின் பணமும் நேரமும் அனுமதித்த ஒப்பனை, கருமை பூசிய முகமும் தாடியும் தடித்த புருவமும்தான். 1979இல் பெருஞ்செலவில் திரைப்படம் எடுத்தபோது நெற்றி முகடு வந்தது. அதன்பின் எல்லாத் தொடர்களும் அதையே பின்பற்றின. இரண்டு இனங்கள் என்ற விளக்கம் அந்த நிலையில் பொருந்தவே செய்தது. ஆனால் 1994இல், ‘ஸ்டார் டிரெக்’ வரிசையில் வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் ஒரு பகுதியில், பழைய தொடரில் வழுவழுப்பான நெற்றியோடு வந்த கோர், கோலோத், காங் என்ற மூன்று கிளிங்கன்களும் முதியவர்களாகத் திரும்பி வந்தார்கள். அதே பெயர்கள், அதே மூன்று நடிகர்கள், ஆனால் இப்போது நெற்றியில் முகடு. ஓர் ஆளே இரண்டு விதமாகவும் இருந்திருக்கிறான் என்றால் இனம் இரண்டு என்ற வாதம் நிற்காது.

1996இல் அதே தொடரின் குழு, காலத்தில் பின்னோக்கிச் சென்று பழைய கப்பலுக்குள் நுழையும் கதை வந்தது. பழைய காட்சிகளையும் புதிய நடிகர்களையும் ஒரே சட்டகத்தில் இணைத்திருந்தார்கள். அங்கே வழுவழுப்பான நெற்றியுள்ள கிளிங்கன்களைப் பார்த்த தோழர்கள், முகடுள்ள தங்கள் சகா வொர்ஃபைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இனியும் தப்பிக்க முடியாத இடம் அது. வொர்ஃப் முகத்தை இறுக்கிக்கொண்டு, அது ஒரு பெரிய கதை, அதை வெளியாரிடம் நாங்கள் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறார்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள் என்றாலும், அந்த வரியை நான் வெறும் நகைச்சுவையாகக் கொள்ளவில்லை. மானத்தை உயிராக மதிக்கும் ஓர் இனம், தன் வரலாற்றில் ஒரு காலத்தை வாய்திறந்து பேசாமல் வைத்திருக்கிறது என்ற செய்தி அதில் இருக்கிறது. 2005இல், அதே வரிசையில் வந்த ‘எண்டர்பிரைஸ்’ தொடர் இரண்டு பகுதிகளில் காரணத்தை விரித்துச் சொன்னது: மனிதர்களிடமிருந்து கிடைத்த மரபணு மேம்பாட்டுக் கருக்களைக் கொண்டு மாவீரர்களை உருவாக்கக் கிளிங்கன்கள் முயன்றார்கள், அந்தச் சோதனை கொள்ளைநோயாகப் பரவியது, உயிரைக் காத்த மருந்து பெருந்தொகையானோரின் நெற்றி முகட்டைப் பறித்துக்கொண்டது. வொர்ஃப் ஏன் வெட்கப்பட்டார் என்பதற்கு இது நேர்மையான பதில். இருந்தாலும், ஒரே வரியில் வொர்ஃப் தந்த கனத்தை இரண்டு முழுப் பகுதிகளாலும் தர முடியவில்லை என்பதே என் கருத்து. சில பிழைகளுக்குக் காரணம் சொல்வதைவிட, காரணம் இருக்கிறது என்று உணர்த்துவதே போதுமானது.

கேள்வி: என் 12 வயது மகன் தொடர் பார்க்கும்போது அடிக்கடி நிறுத்தி, ‘அம்மா, கோப்பையில் தண்ணீர் கூடிவிட்டது, காலர் மாறிவிட்டது’ என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறான். அவன் அக்காளுக்கு எரிச்சலாக இருக்கிறது. தடுக்க வேண்டுமா? (இல்லத்தரசி, செராஸ்)

பதில்: தடுக்க வேண்டாம், சகோதரி. முதல் முறை பார்க்கும்போது நிறுத்தக்கூடாது, இரண்டாம் முறை தாராளமாக நிறுத்தலாம் என்று வீட்டில் ஒரு விதி செய்யுங்கள். அக்காளின் நிம்மதியும் தம்பியின் ஆர்வமும் இரண்டும் காப்பாற்றப்படும்.

அந்த நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கோப்பையும் காலரும் முதல் பத்தி. ஒரே உரையாடலைப் பல கோணங்களில், பல தடவை படம்பிடிக்கிறார்கள். கண்டினியூட்டி பார்க்கும் உதவியாளர் எவ்வளவு கவனமாகக் குறித்துவைத்தாலும், படத்தொகுப்பாளர் நல்ல நடிப்புள்ள துண்டையே எடுப்பார், தண்ணீர் மட்டத்தைப் பார்த்து எடுக்க மாட்டார். அதற்குக் கதைக்குள் பதில் தேட வேண்டியதில்லை. பெயர், வயது, உறவு, ஆண்டு ஆகியவை மாறுவது இரண்டாம் பத்தி. இந்த இதழில் பெரும்பாலும் அவற்றைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் பத்திதான் முக்கியமானது. அந்த உலகத்தில் எது முடியும், எது முடியாது என்ற விதி மாறும் இடங்களை அதில் எழுத வேண்டும். 1966 அக்டோபரில் ஒளிபரப்பான ஒரு ‘ஸ்டார் டிரெக்’ பகுதியில், ஆட்களைக் கோளுக்கு அனுப்பித் திரும்ப எடுக்கும் கருவி பழுதாகி, கப்பல் ஓட்டுநர் சூலுவும் சிலரும் உறைபனியில் சிக்கி உயிருக்குப் போராடுகிறார்கள். கப்பலில் சிறு விண்கலம் இருக்கிறதே, அதை ஏன் அனுப்பவில்லை என்று இன்று பார்ப்பவர் கேட்பார். தளத்துப் பதில் எளியது: அந்தச் சிறு கலம் அப்போது தொடரிலேயே இல்லை, திரையில் அது முதலில் முக்கிய இடம் பெற்றது 1967 ஜனவரியில். கதைக்குள் என்ன சொல்லலாம் என்று உங்கள் மகனிடமே கேளுங்கள். கலம் பழுதுபார்ப்பில் இருந்தது என்று சொன்னால் அதற்கு அந்தப் பகுதியில் எந்தத் தடயமும் இல்லை. அது அவன் கதைக்குத் தரும் கொடை. கதை அவனுக்குச் சொன்னது அன்று. இந்த வேறுபாட்டை அவன் நோட்டில் குறித்துப் பழகினால் போதும்.

கேள்வி: நம் தமிழ்த் தொடர்களில் நடிகர் மாறினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்துப் போட்டுவிட்டுக் கதையைத் தொடர்கிறார்கள். அறிவியல் புனைவுக்கு மட்டும் ஏன் இத்தனை விளக்கம்? (ஜார்ஜ்டவுன்)

பதில்: அந்த எழுத்து நேர்மையான முறை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் உருமாற்றம் நடக்கக்கூடிய உலகத்தில் கதை நடக்கும்போது வேறொரு வழியும் திறக்கிறது. பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ தொடங்கி மூன்று ஆண்டுகளில், டாக்டர் என்ற காலப்பயணி நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னலின் உடல்நலம் குன்றியது. 1966 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பான பகுதியின் இறுதியில் டாக்டர் தரையில் விழுகிறார். முகம் ஒளிர்ந்து கரைகிறது. எழும்போது அவர் பாட்ரிக் டிரவுட்டன். ஒரு நடிகரின் உடல்நலத்தை முன்னிட்டு எடுத்த அந்த முடிவினால்தான் அத்தொடர் அறுபது ஆண்டுகளை எட்டியிருக்கிறது.

விளக்கம் பிறகு தானே ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. 1976இல் ஒரு பகுதியில், இப்படிப் பன்னிரண்டு முறைதான் மாறலாம் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். வரம்பு தீர்ந்த நிலையில், 2013 கிறிஸ்துமஸ் பகுதியில் டாக்டரின் சொந்த இனத்தார் அவருக்குப் புதிய ஆயுள் வரிசையை அருளுகிறார்கள். ஒரு சிறு நகரத்தைக் காக்க நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி முதுமை அடைந்த பிறகு அந்த வரம் கிடைக்கிறது. ஆகவே அது எளிதில் கிடைத்த சலுகையாகத் தோன்றவில்லை.

கேள்வி: ‘டாக்டர் ஹூ’வில் பிரிகேடியர் தலைமையிலான ராணுவக் குழுவின் கதைகள் எந்த ஆண்டில் நடக்கின்றன? எங்கு தேடினாலும் விடை மாறுகிறது. (பல்கலைக்கழக மாணவி, கெலுகோர்)

பதில்: ஒரே விடை கிடையாது, கிடைக்கவும் செய்யாது. 1975இல் ஒளிபரப்பான கதையில், அக்குழுவோடு பழகிய சாரா ஜேன் தான் 1980ஆம் ஆண்டிலிருந்து வந்ததாகச் சொல்கிறாள். 1983இல் ஒளிபரப்பான கதையிலோ, பிரிகேடியர் 1977இலேயே ஓய்வுபெற்றுப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். சற்றே வருங்காலத்தில் நடப்பதாகத் தொடங்கிய கதைகளை, பின்னால் வந்தவர்கள் ஒளிபரப்பான ஆண்டிலேயே நடந்ததாக எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. 2008இல் டாக்டரே, அக்குழுவில் தாம் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தமக்கே ஐயம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அதை ரசிகர்களுக்குச் செய்த மரியாதையாக ஏற்றுக்கொண்டு, கட்டுரை எழுதினால் இரு கணக்குகளையும் அருகருகே போடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அந்தக் காலத்தில் எழுதியவர்கள், தங்கள் கதையை யாரும் மறுபடி பார்ப்பார்கள் என்று எண்ணி எழுதவில்லை. பி.பி.சி. நிறுவனமே அறுபதுகளின் ‘டாக்டர் ஹூ’ ஒளிநாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தியது. அப்படி இழந்த பகுதிகள் ஏராளம். அட்லாண்டிஸ் நகரத்தின் அழிவுக்கு 1967இலும் 1971இலும் 1972இலும் அத்தொடர் மூன்று வெவ்வேறு காரணங்களைத் தந்திருக்கிறது. பின்னிரண்டிலும் ராபர்ட் ஸ்லோமன் என்ற ஒரே எழுத்தாளரின் கை உண்டு. நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி நம் கையில் இருக்கிறது என்பதற்காக, அது இல்லாத காலத்தில் உழைத்தவர்களைக் கடிந்துகொள்வது முறையாகாது.

கேள்வி: ஸ்டார்டேட் எண்கள் முன்னும் பின்னுமாக ஓடுவதற்கு உண்மையான அறிவியல் காரணம் உண்டா? (பங்சார்)

பதில்: பகுதிகள் எழுதிய வரிசை, எடுத்த வரிசை, ஒளிபரப்பிய வரிசை மூன்றும் வேறுவேறாக இருந்ததே அடிப்படைக் காரணம். விண்மீன் மண்டலத்தில் கப்பல் இருக்கும் இடத்தையும் அதன் வேகத்தையும் பொறுத்து எண் மாறும் என்று படைப்பாளர் ஜீன் ராடன்பெரி விளக்கம் தந்தார். அதை நான் ஒதுக்க மாட்டேன். ஓடும் வேகத்தையும் ஈர்ப்பு விசையையும் பொறுத்துக் கடிகாரம் மாறும் என்பது ஐன்ஸ்டைன் காட்டிய உண்மை. நம் கைப்பேசிக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ வினாடி முந்தி ஓடும் என்பதால், அதைச் சரிக்கட்டியே அவற்றை இயக்குகிறார்கள்.

நம் ஊரிலேயே கடிகாரம் தாவியதுண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் நேரே நள்ளிரவு 12க்குத் தள்ளிவைக்கப்பட்டன. கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி முந்தியிருந்த நாடு அன்று முதல் எட்டு மணி முந்தியது. அந்த இரவின் கடைசி அரை மணி நேரம் எந்தக் கடிகாரத்திலும் இல்லை. 1982க்கு முன் பினாங்கில் பிறந்த ஒருவருக்கு ஜாதகம் கணிப்பவர் இதைக் கவனிக்காமல் எட்டு மணிக் கணக்கைப் போட்டால் லக்னமே மாறிப்போகக்கூடும். நூறு ஆண்டுகள் கழித்து நம் பழைய ஆவணங்களைப் புரட்டுபவர் ‘இங்கே பிழை இருக்கிறது’ என்று சொல்லக்கூடும். ஆனால் அங்கே பிழை இல்லை, அவருக்குத் தெரியாத ஓர் அரசு முடிவு இருக்கிறது. ஸ்டார்டேட் குழப்பத்தையும் அதே பெருந்தன்மையோடு நாம் அணுகலாம். அதே காரணத்தால், அந்த எண் ஒன்றை மட்டும் நம்பி எந்த வழக்கையும் தீர்க்கக்கூடாது. மேலே செக்கோவ் விஷயத்தில் இடைவார்க் கொக்கியை நான் முன்வைத்தது அதனால்தான்.

கேள்வி: இப்படிச் சமாதானம் தேடுவது மேல்நாட்டு ரசிகர்களிடமிருந்து நமக்கு வந்த பழக்கமா? (ஆயர் ஈத்தாம்)

பதில்: அங்கே நூறாண்டுக்கு மேலான பழக்கம்தான். ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்குக் குண்டடி பட்டது 1887இல் வந்த கதையில் தோளில், 1890இல் வந்த கதையில் காலில். ஜான் என்ற பெயருடைய அவரை ஒரு கதையில் மனைவி ஜேம்ஸ் என்று அழைக்கிறாள். வாட்சன் பெயரின் நடுவில் இருக்கும் ‘ஹெச்’ என்ற எழுத்து ‘ஹேமிஷ்’ என்பதன் சுருக்கம், அது ஜேம்ஸ் என்பதன் ஸ்காட்லாந்து வடிவம் என்று எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் தீர்த்துவைத்தார். கதையில் ஏற்கெனவே இருந்த ஓர் எழுத்தை வைத்தே முடிச்சை அவிழ்த்த அந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஆனால் ஔவையாரை நினைத்துப் பாருங்கள். அதியமானைப் பாடிய ஔவை சங்ககாலத்தவர். ஆத்திசூடி தந்த ஔவை பல நூற்றாண்டுகள் பிந்தியவர். கம்பரோடு வாதாடியதாகவும் கதைகள் உண்டு. ஒரே பெயரில் பல புலவர்கள் இருந்தார்கள் என்பது ஆய்வாளர் முடிவு. நம் மக்கள் அவர்களை ஒரே பாட்டியாக வைத்துக்கொண்டார்கள். அத்தனை நூற்றாண்டு எப்படி வாழ்ந்தார் என்று கேட்டால், அதியமான் தந்த நெல்லிக்கனியை உண்டவர் ஆயிற்றே என்றார்கள். அந்தக் கனி வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது அன்று. தான் உண்ணாமல் ஔவைக்குத் தந்த அருமைக்காக அதியமானை வாழ்த்தும் பாட்டு புறநானூற்றில் 91ஆம் பாடலாக நிற்கிறது. தமிழைத் தன் உயிரினும் மேலாக மதித்த ஒரு மன்னனின் கொடையால்தான் அந்தத் தமிழ் இத்தனை காலம் நிலைத்தது என்ற பொருளையும் அந்த விளக்கம் சேர்த்துத் தருகிறது. ஆய்வாளரின் பதிலும் பாட்டிமார் சொன்ன பதிலும் ஒன்றையொன்று அழிப்பதில்லை; இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், எது எது என்று பிரித்துச் சொன்னால் போதும்.

கேள்வி: ‘ஃபயர்ஃபிளை’ தொடரில் முதல் பகுதியிலேயே எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்போல் பேசுகிறார்களே? (கெப்போங்)

பதில்: நீங்கள் பார்த்தது ஒளிபரப்பு வரிசை. 2002இல் தொலைக்காட்சி நிலையம் இரண்டாவது கதையை முதலில் போட்டு, அறிமுகக் கதையை டிசம்பரில் கடைசியாகப் போட்டது. தயாரிப்பு வரிசையில் பார்த்தால் விளக்கமே வேண்டியிருக்காது.

கேள்வி: தமிழில் அறிவியல் புனைவுத் தொடர்கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முரண்கள் வராமல் எழுதுவது எப்படி? (செத்தாப்பாக்)

பதில்: ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்களின் பிறந்த ஆண்டு, தழும்பு, இடக்கையா வலக்கையா, யார் யாருக்கு எது தெரியும், எந்த அத்தியாயத்திலிருந்து தெரியும் ஆகியவற்றை அத்தியாயம் முடிந்த அன்றே எழுதிவையுங்கள், நினைவை நம்பாதீர்கள். ‘யாருக்கு எது எப்போது தெரிந்தது’ என்ற பத்தியில்தான் பெரும்பாலான தொடர்கதைகள் சறுக்குகின்றன.

எண்களைக் குறைவாகச் சொல்லுங்கள். பன்னிரண்டு என்றும் பன்னிரண்டு முறைதான் என்றும் சொல்லிவிட்டு மற்றவர்கள் பட்ட பாட்டை மேலே பார்த்தீர்கள். கதைக்குத் தேவையில்லாத ஆண்டு, தொலைவு, வயது எதையும் வாய்விட வேண்டாம்.

‘பாபிலோன் 5’ தொடரை உருவாக்கிய ஸ்ட்ரசின்ஸ்கியின் முறையையும் கவனியுங்கள். ஐந்தாண்டுக் கதையை முன்கூட்டியே திட்டமிட்டு, 110 பகுதிகளில் 92ஐத் தாமே எழுதியவர் அவர். அப்படியும், எந்த நடிகர் எப்போது விலகினாலும் கதை உடையாமலிருக்க, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வெளியேறும் வழியை முன்னதாகவே யோசித்து வைத்திருந்தார். நாயகன் சின்கிளேராக நடித்தவர் முதல் சீசனோடு விலகினார். முதல் சீசனில் விடுவிக்காமல் விட்டிருந்த காலப்பயண முடிச்சை, 1996இல் அவரைத் திரும்ப அழைத்து இரண்டு பகுதிகளில் அவிழ்த்தார்கள். பார்ப்பவருக்கு எல்லாம் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் திட்டமிடப்பட்டது போலத் தோன்றும். நீங்களும் சில கதவுகளைப் பூட்டாமல் சாத்தி மட்டும் வையுங்கள்.

அச்சேறிய பிறகு பிழை தெரிந்தால், அடுத்த அத்தியாயத்திலேயே பதறிக்கொண்டு விளக்க வேண்டாம். அந்தப் பிழையால் எந்தப் பாத்திரம் பாதிக்கப்படும் என்று யோசியுங்கள். பாதிக்கப்படுபவர் யாருமில்லை என்றால், நூலாக வரும்போது திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ‘ஸ்டார் டிரெக்’ கப்பல் தலைவர் கிர்க்கின் முழுப்பெயர் ஜேம்ஸ் டி. கிர்க். ஆனால் தொடக்ககாலப் பகுதி ஒன்றில் கல்லறைக் கல்லில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று இருக்கிறது. உங்கள் விளக்கம் என்ன? (ஜெலுத்தோங்)

பதில்: அந்தப் பகுதி எடுக்கப்பட்டபோது நடுப்பெயர் இன்னும் முடிவாகவில்லை, ‘டி’ பின்னால் வந்தது, ‘டைபீரியஸ்’ என்ற விரிவு எழுபதுகளின் ‘ஸ்டார் டிரெக்’ கார்ட்டூன் தொடரில் வந்தது. தளத்துப் பதில் அவ்வளவே.

கதைக்குள் பாருங்கள். அந்தக் கல்லை உருவாக்குபவன் கேரி மிட்செல். கிர்க்கின் பல்லாண்டு நண்பன். திடீரென்று வந்த மனோசக்தியால் தன்னைக் கடவுள் என்றே நம்பத் தொடங்கி, நண்பனைக் கொல்லுமுன் அவனுக்குக் குழியையும் கல்லையும் நினைத்த மாத்திரத்தில் படைத்துக் காட்டுகிறான். கல்லில் பெயரும், 1277.1 முதல் 1313.7 வரை என்று வாழ்ந்த காலமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் அறிந்தவன் நான் என்று சொல்லிக்கொண்டே நண்பனின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகப் பொறித்திருக்கிறான் என்று அதைப் படித்தால், அவன் இன்னும் கடவுளாகவில்லை என்பதற்கு அந்தக் கல்லே சான்று. கிர்க் அதைப் பார்த்திருப்பார், திருத்திச் சொல்லவில்லை. அதன்பின் அவர் மிட்செலிடம் பேசும் விதத்தைக் கவனியுங்கள்: அவன் தவறக்கூடியவன் என்பதை உணர்ந்தவர் போலத்தான் பேசுகிறார்.